ஈய எழுத்து

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை உண்டு. அதைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். உள்ளே ஒரு மேஜை, ஒரு குழல்விளக்கு, சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கத் தையல் மிஷின் உறுப்புகள். அங்கே உட்கார்ந்து மிஷின் ரிப்பேர் பார்ப்பவளைத் தெருவே மிஷின்காரி என்றுதான் கூப்பிடுகிறது. அடுத்த கதவு என்னுடைய தையல் கடை. நான் கெடுக்கிறேன், அவள் சரிசெய்கிறாள். இருவர் பிழைப்பும் இப்படித்தான் ஓடுகிறது.

அவள் மிஷினைப் பார்ப்பதில்லை, கேட்பாள். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மிஷின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மற்ற கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவாள். சுற்றிக்கொண்டே என்னிடம் ஊர்க்கதை வேறு பேசுவாள். நடுவில் நிறுத்தி, "கீழ நூல் துண்டு மாட்டியிருக்கு, கழட்டு" என்பாள். கழற்றினால் அங்கே நூல் இருக்கும். இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு, அந்தக் காதிலேயே ஒருத்தி பூச் சுற்றிவிட்டாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஷின்காரியின் கணவர் தெருக்கோடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடைப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். மனிதர் முனை திரும்புவதற்கு முன் அவருடைய இருமல் திரும்பிவிடும். ஈரமான, ஆழமான இருமல், பிறந்ததிலிருந்தே உண்டாம். மூக்கும் எப்போதும் அடைத்திருக்கும், காதும் கொஞ்சம் மந்தம். மற்றபடி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அது போதாதென்று கண்ணாடித் தூளும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று மிஷின்காரி நம்பினாள். ஒரு தடவை கடை முதலாளியிடமே போய், வேலை செய்கிறவர்களுக்கு முகக்கவசம் வாங்கித் தர வக்கில்லையா என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. இதுதான் அவள் வாழ்க்கையின் பெரிய செய்தி, எல்லோரும் எல்லாக் காலத்திலும் அவளைக் கேட்ட கேள்வியும் அதுதான். குறை அவளுடையது என்பது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் மாதிரி நிரந்தரமாக மாட்டப்பட்டிருந்தது. மாமியார் உயிரோடு இருந்தவரை வாய்விட்டுச் சொன்னார். மற்றவர்கள் சொல்லாமல் சொன்னார்கள்.

அந்த வீட்டில் அவள் பக்கம் நின்றது ஒரே ஒருத்தி. கணவரின் அக்கா. மிஷின்காரி அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் பேனா, நடையிலேயே ஒரு அதிகாரம். வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்காரி என்ன சொல்கிறாளோ அதுதான் சட்டம். தம்பியை எந்த டாக்டரிடமும் போக விடமாட்டாள். இருமல் மருந்து, மாத்திரை எல்லாம் அவளே கொண்டு வந்து தருவாள். எவ்வளவு பாசம் என்று நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். எனக்கு இப்படி ஒரு நாத்தனார் வாய்க்கவில்லையே என்று நான் என் வீட்டில் முணுமுணுத்ததும் உண்டு.

மாமியார் ஆரம்பித்தால் அண்ணி குறுக்கே வருவாள். "அம்மா, அவளை எதுவும் சொல்லாத. அவ என்ன பண்ணுவா, அவ உடம்பு வாகு அப்படி" என்பாள். மிஷின்காரி அப்படியே உருகிப்போவாள். அந்தச் சமாதானத்துக்குள் என்ன இருந்தது என்று அப்போது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு சம்பவம். ஒரு மத்தியானம் கணவரின் மார்பில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். வலது பக்கம். காதுதான் அவளுடைய ஆயுதமாயிற்றே, நெஞ்சு அடிப்பது அங்கே பளிச்சென்று கேட்கிறது. இடது பக்கம் அல்லவா கேட்க வேண்டும் என்று அவள் யோசிப்பதற்குள், அவர் கை வந்து அவள் தலையை மெதுவாக இடது பக்கம் நகர்த்தியது. "அந்தப் பக்கம் எலும்பு குத்தும், இங்க வா" என்றார். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து வலது காரை எலும்பு உடைந்து, சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு அவருக்கு உண்டு. அன்றிலிருந்து அவள் தலைக்கு இடது தோள் என்று ஆகிவிட்டது.

இருந்தாலும் மனதில் உறுத்தல். அண்ணியிடம் கூச்சத்தோடு சொன்னாள். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாளாம். "அடி பைத்தியமே, அவன் ஒல்லி. சத்தம் நாலா பக்கமும் பரவும். உன் காது மிஷினுக்குத்தான் லாயக்கு" என்றாள். சிரித்ததோடு விடவில்லை. அடுத்த முறை வரும்போது தம்பிக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இதோ இதயம், இதோ ஓரத்தில் இடது என்பதற்கான எழுத்து, போதுமா? போதும் என்று அவள் தன் காதைத் தானே தள்ளிவைத்தாள். படத்தை அண்ணி அங்கேயே விட்டுப்போக, அது பீரோவுக்கு மேல் பழைய போர்வைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

பிறகு சிகிச்சைகள். எல்லாம் அண்ணி வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, அண்ணிக்குத் தெரிந்த டாக்டரிடமே. கணவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "அவன் ரிப்போர்ட் நான் பார்த்துட்டேன், அவனுக்கு ஒண்ணும் இல்ல" என்று அண்ணி முடித்துவிட்டாள். கூட வேலை பார்ப்பவளின் பேச்சு, டாக்டரும் விட்டுவிட்டார். மிஷின்காரி மாத்திரை தின்றாள், ஊசி போட்டுக்கொண்டாள், உடம்பு ஊதிப்போனாள். கருக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் சோதனை ஒன்று உண்டு. அந்தப் படத்தை எடுத்ததே அண்ணிதான். கனமான கதவு, குளிர்ந்த மேஜை, வயிற்றுக்குள் சுருட்டிப் பிடித்த வலி. அண்ணி பாரமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டாளாம், நெற்றியைத் துடைத்தாளாம். அம்மா கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று மிஷின்காரி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வருஷங்கள் போயின. ஒரு வழியாக அந்தக் கேள்வியே அவள் உடம்பிலிருந்து விலகிப்போகிற வயதும் வந்தது. தலை நரைத்தது. மாமியார் போய்ச் சேர்ந்தார். அண்ணி ஓய்வு பெற்றாள்.

போன குளிர்காலத்தில் ஹாரனுக்குக் காய்ச்சல் வந்து, இருமலில் ரத்தம் தெரிந்தது. அண்ணி அந்த நேரம் பார்த்து மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தாள். அவள் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மிஷின்காரி பயந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நெஞ்சு டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நான்.

டாக்டர் சின்னப் பெண். ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கம் வைத்தார், புருவம் சுருங்கியது. வலது பக்கம் வைத்தார், அங்கேயே நின்றார்.

"சார், உங்க இதயம் வலது பக்கம் இருக்கே. தெரியுமா?"

ஹாரன் தரையைப் பார்த்தார். "அப்படியா" என்றார். அதிர்ச்சியில் பாவம் மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

படம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுவார்களே, அந்த இனிப்பு மருந்தில் ஒரு துளித் துகள். அதை ஹாரனின் மூக்குக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், தொண்டையில் இனித்தால் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கவென்று மிஷின்காரி மூக்கிலும் ஒன்று வைத்தார். இருவரும் கோபித்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில், "எனக்கு இனிக்குது. உங்களுக்கு?" என்றாள் மிஷின்காரி, பரிசு கிடைத்தவள் மாதிரி.

அவர் இல்லை என்று தலையாட்டினார். இன்னும் காத்திருந்தோம். வெளியே காத்திருந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். நர்ஸ் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவருக்கு இனிப்பு வரவேயில்லை.

அடுத்ததாக இருவர் மூக்கிலும் ஒரு சின்ன பிரஷ்ஷை விட்டு லேசாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பக்கத்துத் திரையில் காட்டினார்கள். முதலில் மிஷின்காரியுடையது. செல்களின் ஓரத்தில் குட்டை முடியாக அடர்ந்து ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. தனித்தனியாகத் துடிக்கவில்லை. ஒன்றுக்கு அடுத்து ஒன்று, ஒரு நூலிழை தாமதித்து, அலை மாதிரி ஓடியது.

"மூக்குலேருந்து நுரையீரல் வரைக்கும் குழாய்க்கு உள்பக்கம் இதுதான் விரிச்சிருக்கு. ஒரு செல்லுக்கு இருநூறு இழை மாதிரி. செகண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல அடிக்கும். நாம சுவாசிக்கிற தூசு, கிருமி எல்லாம் மேல இருக்கிற சளியில ஒட்டிக்கும். அந்தச் சளியைக் கொஞ்சம் கொஞ்சமா தொண்டைக்குத் தள்ளிக் கொண்டுவந்துடும். நமக்குத் தெரியாமலே முழுங்கிடுவோம். உங்க மூக்குல வெச்ச இனிப்பைத் தொண்டைக்குக் கொண்டுபோனது இதுதான்."

மிஷின்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தள்ளிட்டுத் திரும்பி வரும்போது சளியையும் பின்னாடி இழுத்துடாதா?" என்று கேட்டாள்.

"இழுக்காது. தள்ளும்போது விறைப்பா நிமிர்ந்து நுனியால தள்ளும். திரும்பும்போது வளைஞ்சு கீழயே படுத்து வந்துடும். சளிக்குக் கீழ மெல்லிசா தண்ணி மாதிரி ஒரு படலம் இருக்கு, அதுக்குள்ளயே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம மிஷின்ல ஊசிக்குக் கீழ துணி தள்ற பல்லு மாதிரி. மேல வந்து ஒரு எட்டு தள்ளிட்டு, கீழ இறங்கி, யாருக்கும் தெரியாம பழைய இடத்துக்குப் போயிடும்ல."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பல் ஓடாத மிஷின் எப்படி இருக்கும் என்று தைப்பவளுக்குத் தெரியாதா. ஊசி மேலும் கீழும் போகும், துணி நின்ற இடத்திலேயே நிற்கும், நூல் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சாகிவிடும்.

பிறகு ஹாரனுடையது வந்தது. இழைகள் இருந்தன. அத்தனையும் அப்படியே நின்றன. ஒன்றிரண்டு இலேசாக நடுங்கியதோடு சரி.

"பிறவியிலேயே இழைக்கு உள்ள இருக்கிற மோட்டார் சரியா அமையல. இன்னும் சில டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும், ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் டாக்டர். "கருவுல இருக்கும்போது இதயம் எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றதும் இந்த மாதிரி இழைங்கதான். அது ஓடலைன்னா பூவா தலையாதான். இவருக்கு வலது பக்கம் விழுந்திருக்கு. அதால ஒண்ணும் கெடுதல் இல்ல. சளிதான் பிரச்சினை. இழை தள்ளாததை இத்தனை வருஷமா இருமல்தான் தள்ளியிருக்கு. இருமலை அடக்குற மருந்து எதுவும் குடுக்கலையே?"

அண்ணி அலமாரி அலமாரியாகக் கொடுத்திருந்தாள்.

"சின்ன வயசுலேருந்தே தினமும் நெஞ்சைத் தட்டிச் சளியை எடுத்திருந்தா நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது" என்ற டாக்டர், கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "குழந்தைங்க?"

"இல்ல டாக்டர். எனக்குத்தான் குறை."

"யார் சொன்னா?"

விந்தணுவின் வாலும் இதே வகை இழைதான் என்றார் டாக்டர். அது அசையாவிட்டால் குழந்தை தானாகத் தங்குவது கடினம். ஆனால் அசையாததால் செத்தது என்று அர்த்தமில்லை. ஒன்றை எடுத்து ஊசி முனையால் கருமுட்டைக்குள் வைத்துவிட முடியும், பல காலமாகச் செய்கிறார்கள். விஷயம் தெரிந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று சொல்லி, மிஷின்காரியின் நரைத்த தலையைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நல்ல டாக்டர். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேலும் கோபம் வந்தது. சொன்னவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்.

புறப்படும்போது மிஷின்காரி புதுப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இதயமும் காரை எலும்பின் முடிச்சும் ஒரே பக்கம் இருந்தன. "இது வலதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எடுக்கும்போது ஓரத்தில் எழுத்து வைப்பார்கள் என்றார் டாக்டர். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே குறித்துவிடுகிறார்கள், முன்பெல்லாம் ஈயத்தில் செய்த எழுத்தைத் தகட்டின்மேல் வைப்பார்கள். படத்தைத் திருப்பிப் பிடித்தால் வலது இடதாகிவிடும், அதனால் அந்த எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, பீரோவுக்கு மேலிருந்து பழைய படத்தை எடுத்தாள். ஜன்னலில் பிடித்தாள். அதிலும் இதயமும் முடிச்சும் ஒரே பக்கம். ஓரத்தில் இடது என்று எழுத்து. கட்டிலில் படுத்திருந்த கணவரின் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு அங்கேதான் இருந்தது. எலும்பு இடம் மாறாது. எழுத்தைத்தான் இடம் மாற்றி வைக்க முடியும், அதை வைப்பது படம் எடுப்பவர்.

அண்ணி ஊர் திரும்பிய அன்றே போனோம். என்னையும் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். அண்ணி பால்கனியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மிஷின்காரி படத்தை அந்த விரிப்பின்மேல் வைத்தாள்.

"இந்த எழுத்தை வெச்சது நீங்கதானே அண்ணி?"

"பழைய காலத்துப் படம். அவசரத்துல மாறியிருக்கும்."

"அவர் தோள்ல இருக்கிற முடிச்சும் அவசரத்துல மாறிடுச்சா?"

அண்ணி விரிப்பை மடிப்பதை நிறுத்தவில்லை. மூலையோடு மூலை சேர்த்து, கையால் நீவி, அடுக்கில் வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"அவனுக்கு மீசை முளைக்கிற வயசுலயே எங்க டாக்டர் சொல்லிட்டாரு. நெஞ்சு மாறியிருக்கு, சளி போகாது, குழந்தை பிறக்குறது கஷ்டம்னு. இதையெல்லாம் வெளிய சொன்னா யார் பொண்ணு குடுப்பாங்க? வரப்போற வீட்டுல யாராவது கேட்டா காட்டலாம்னுதான் அந்தப் படம் எடுத்தேன். யாரும் கேக்கல. நீ கேட்ட."

"அந்தச் சளிக்கு வைத்தியமாவது பார்த்திருக்கலாமே. உங்க தம்பிதானே."

"டாக்டர்கிட்ட போனா எல்லாம் வெளிய வந்துடும்."

மிஷின்காரி படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "என்னை மேஜையில படுக்க வெச்சு, மருந்து செலுத்திப் படம் எடுத்தீங்களே. கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. அந்தப் படத்துல என்ன தெரிஞ்சுது?"

"ரெண்டு குழாயும் தெளிவா இருந்துச்சு."

"வழி இருந்துச்சாம் அண்ணி. எனக்கு ஒண்ணு பிறந்திருக்கலாமாம்."

"தெரியும்" என்றாள் அண்ணி. "ஆனா அதுக்கு விஷயத்தைச் சொல்லணுமே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரிப்பு அடுக்கை அப்படியே தெருவில் தள்ளியிருப்பேன். மிஷின்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

அண்ணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாது. சத்தியமா அவனுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் நான் பண்ணினது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டு, அவனை விட்டுடு."

திட்டவில்லை. இறங்கி வந்தோம். நடு மாடியில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "அம்மா மாதிரி நெனச்சேன். வயித்துல அடிச்சுட்டாங்க. ஆனா அவருக்குத் தெரியலைன்னா நான் தாங்கிக்குவேன். அவரையும்தானே ஏமாத்தியிருக்காங்க. தெரிஞ்சிருந்தா ஒரு நாள் கூட அந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் கணவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி காலையில் வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைப்பாள். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டுவாள். இழைகள் செய்ய வேண்டிய வேலையை அவள் கை செய்தது. சளி கட்டிகட்டியாக வரும். கடைக்கு வந்ததும் அன்றைய வரவை எனக்குச் சொல்லுவாள். காலை டீயைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்க வேண்டும். அவர் முகம் தெளிந்தது, இருமல் பாதியாகக் குறைந்தது. ஹாரனுக்கு பாட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைப் பையன்கள் கேலி செய்தார்கள். "பாவம் அவரு" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இதை அவள் என்னிடம் சொன்னது மறுநாள், என் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே.

சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருக்கிறார், அரைத் தூக்கம். இவளும் பக்கத்தில் படுத்தவள், இனி என்ன ஒளிவு என்று வலது பக்கம் தலையை வைத்தாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு. அங்கே அது அழகாக அடித்துக்கொண்டிருந்தது. "நல்லா எண்ணெய் விட்ட மிஷின் மாதிரி" என்றாள். தன் காது சரியாகத்தான் சொன்னது என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அப்போது அவர் கை வந்தது. கண் மூடியபடியே, பழக்கத்தில், அவள் தலையை மெதுவாக இடது பக்கம் நகர்த்தியது.

"எலும்பு குத்தும்" என்று முனகினார்.

"எலும்பு எங்கயோ மேல இருக்கு. என் தலை எங்கயோ கீழ இருக்கு. எப்படிக் குத்தும்?" என்று என்னிடம் கேட்டாள், நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல.

அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அவரும் கண்ணைத் திறந்திருக்கிறார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியே. அக்காதான் சொல்லாதேன்னா" என்றார். பிறகு இருமினார். அந்த இருமல் நிஜமா, பேச்சை மறைக்க வந்ததா என்று இவளுக்குத் தெரியவில்லை.

"அவங்க ஒரு எழுத்தை ஒரு தடவைதான் மாத்தி வெச்சாங்க" என்றாள் மிஷின்காரி. "இவரு என் தலையைத் தினமும் மாத்தி வெச்சாரு. நான் அதைப் பிரியம்னு நெனச்சேன்."

எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தேன். அது எனக்கு வழக்கமில்லை.

அதன் பிறகு அவள் செய்தது இதுதான். அண்ணியைக் காலையில் வீட்டுக்கு வரச் சொன்னாள். தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து, அண்ணியின் கையைப் பிடித்து, உள்ளங்கையை எப்படிக் குழிக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், எந்த இடத்தில் அழுத்தக் கூடாது என்று காட்டினாள். பொறுமையாக, என் கடைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நூல் கோர்க்கக் காட்டுவது போலக் காட்டினாளாம். அண்ணி சரியாகத் தட்டும் வரை பக்கத்தில் நின்றாள்.

"தினமும் தட்டணும் அண்ணி. விட்டா அடைச்சுக்கும். உள்ள வெச்சது நீங்க ரெண்டு பேரும். நீங்க ரெண்டு பேருமே வெளிய எடுங்க."

துணிமணிகளை ஒரு பையிலும் கருவிகளை இன்னொரு பையிலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது என் கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகள் வைத்திருந்த அறையில் இருக்கிறாள். அறைக்கு வாடகை பேசலாமா என்று கேட்டாள், வாயை மூடு என்றேன். அண்ணி தினமும் காலையில் எங்கள் கடையைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போகிறாள். முழங்கால் வலியோடு, விந்தி விந்தி. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

ஹாரன் இன்னும் கண்ணாடிக் கடைக்குப் போய்வருகிறார். இந்தத் தெருவைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. முனையில் முதலில் இருமல் திரும்பும். அது காதில் விழுந்ததும் மிஷின்காரி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கையில் இருக்கும் மிஷினை வேகமாக ஓட்டுவாள். நூலும் இல்லாமல், துணியும் இல்லாமல், அவர் தாண்டிப் போகும் வரை சத்தத்துக்காக ஓட்டிக்கொண்டிருப்பாள்.